அடைக்கலத்திற்கு எந்த பாஷை?

(ஒரு கடற்கரை ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்து, ஆபத்துக் காலத்தில் பாதுகாப்பு என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த விஷயத்தைப் பற்றி அதிகாரிகளும் டாக்டர்களும் நம்மைவிட நன்றாகப் பேசக்கூடும். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. நமக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும், ரயில்வே பிளாட்பாரத்திலும், கோர்ட்டு வராந்தாவிலும் காதில் விழுந்ததுதான். அப்படிப்பட்ட நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, தங்குமிடத்தைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் பேசும்போது நம் வாயில் தானாகவே வந்துவிடுகிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றியாகும். "உயிர் போகிற சங்கதியை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே" என்று சிலருக்குத் தோன்றலாம். வார்த்தையினாலேயே உயிர் பிழைத்ததும் உண்டு, வார்த்தையினாலேயே உயிர் போக இருந்ததும் உண்டு என்று காட்டிவிட்டால் அந்த ஆட்சேபணை நீங்கிவிடும்.

இன்று பகல் இவ்வூர்த் தோழர்களோடு கடலோரம் போய்வந்தபோது அவர்கள் ஒரு சம்பவம் சொன்னார்கள். உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். சில வருஷங்களுக்கு முன் புயல் வந்த அன்று, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் அனைவரும் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையத்திற்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். கூரை வீட்டில் தனியாயிருந்த ஒரு கிழவியார் அதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அது டவுனிலே எங்கேயோ இருக்கிற ஆபீசு போலிருக்கிறது, நமக்கென்ன?" என்று அடுப்பை மூட்டப் போய்விட்டார். பொழுது சாய்கிற சமயத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, "ஆயா, இன்னமும் உட்கார்ந்திருக்கியே, செல்டருக்கு வா!" என்றானாம். "செல்டருக்கா? இதை அந்த மைக்குக்காரன் சொல்லக்கூடாதா?" என்று கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிழவியார் உடனே கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக் கூரை சவுக்குத் தோப்பில் கிடந்தது.

தோழர்களே! ஒலிபெருக்கி சொன்ன கட்டடமும் பையன் சொன்ன கட்டடமும் ஒன்றே. அந்தக் கட்டடத்தின் படியில்தான் அந்தக் கிழவியார் வருஷம் முழுவதும் கருவாடு காயவைக்கிறார். கட்டின நாளிலேயே கொத்தனாரும் சித்தாளும் அதைச் செல்டர் என்றார்கள். ஊரும் செல்டர் என்றது. ஊருக்குத் தெரியாத பெயர் சர்க்கார் காகிதத்தில் மாத்திரம் இருந்தது. தமிழில் சொன்னது தமிழ்க் கிழவிக்குப் புரியவில்லை. இங்கிலீஷில் சொன்னது புரிந்தது. இதிலிருந்துதான் நாம் யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டபோது கூட இருந்த ஒரு வாலிபத் தோழர், "அடைக்கலம், தஞ்சம், புகலிடம் என்று எத்தனையோ நல்ல தமிழ் இருக்கும்போது செல்டர் என்று பேசுவது வெட்கமல்லவா?" என்று கேட்டார். காலேஜில் படித்த இன்னொருவர், "அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே, ஷெல்டர் என்றல்லவா சொல்ல வேண்டும்?" என்று சிரித்தார். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் வார்த்தையின் பிறப்பை விசாரிக்கிறார். மற்றொருவர் நாக்கின் ஆசாரத்தை விசாரிக்கிறார். அந்த வார்த்தை கிழவியை எழுப்பி நடக்கவைத்ததா என்பதை இருவரும் விசாரிக்கவில்லை. மனிதனைப் பிறப்பைக் கொண்டு மதிக்கக்கூடாது, அவன் செய்கையைக் கொண்டு மதிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிற நாம், வார்த்தைக்கு மாத்திரம் ஜாதகம் பார்ப்பது என்ன நியாயம்?

சாவி எங்கே பிறந்தது?

இங்கிலீஷ் வார்த்தை வந்ததனால் நம் வீடு கெட்டுப்போயிற்று என்று வருத்தப்படுகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள் ஒரு தடவை சுற்றிப் பார்க்கட்டும். வீட்டுக்குப் பாதுகாப்பு எது? பூட்டு. பூட்டைத் திறப்பது எது? சாவி. அந்தச் சாவி போர்த்துக்கீசியர் கொடுத்த வார்த்தை. காற்று வருகிற ஜன்னல் அவர்கள் வார்த்தை. பத்திரம் வைக்கிற அலமாரியும் அவர்கள் வார்த்தை. 1498-ம் வருஷம் கள்ளிக்கோட்டைப் பக்கத்தில் வந்து இறங்கியவர்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது; அவர்கள் சாவி மாத்திரம் நம் தாய்மார்களின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. "திறவுகோல் எங்கே?" என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. "சாவி எங்கே?" என்று கேட்பதனால் அவள் தமிழச்சி அல்லாமலும் போய்விடுவதில்லை.

வெளியே வாருங்கள். தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் போலீசார் போடுகிற பந்தோபஸ்து, கட்டுவது என்னும் பொருளுள்ள பாரசீகச் சொல். கோர்ட்டில் ஒருவனை வெளியே விடுகிற ஜாமீனும், அதை வாங்கித் தருகிற வக்கீலும், வெள்ளத்தில் வீடிழந்தவர் தங்குகிற முகாமும் அரபியிலே பிறந்து, துருக்கர் ஆட்சியில் கச்சேரிகளின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. ஆகவே காவலைப் பற்றியும் காப்பைப் பற்றியும் தமிழன் பேசுகிற பேச்சில் பாதி, அந்தந்தக் காலத்தில் யார் கையில் தடியும் தாளும் இருந்தனவோ அவர்கள் பாஷையிலிருந்து வந்ததாயிருக்கிறது. இது அதிசயமுமல்ல, அவமானமுமல்ல. ராஜாங்கத்தார் எந்தப் பேரால் ஒரு காரியத்தை நடத்துகிறார்களோ அந்தப் பேர் ஜனங்கள் வாயில் ஏறுவது உலக இயல்பு.

நிற்க, நாம் கடன் வாங்கினோமே தவிர கொடுக்கவில்லையா என்றால், கொடுத்துமிருக்கிறோம். வெயிலுக்கும் மழைக்கும் நாம் போடுகிற பந்தல், இங்கிலீஷ்காரன் வாயில் ஏறி, கல்கத்தா வரையிலும் போய், அங்கே துர்க்கை பூஜைக்குப் போடுகிற கொட்டகைக்கெல்லாம் பேராகிவிட்டது. வங்காளத்து வீடு என்பதிலிருந்து வந்த பங்களா என்னும் வார்த்தையை இங்கிலீஷ்காரன் சீமைக்குக் கொண்டுபோய்விட்டான். வங்காளிக்கும் வெட்கமில்லை, இங்கிலீஷ்காரனுக்கும் வெட்கமில்லை. தமிழனுக்கு மாத்திரம் ஏன் வெட்கம்?

"இலக்கணம் சம்மதிக்குமா?" என்று பண்டிதர்கள் கேட்கலாம். தொல்காப்பியத்திலேயே சொற்களை நான்காகப் பிரித்து, அவற்றில் திசைச்சொல் என்றும் வடசொல் என்றும் இரண்டு வகையை வைத்து, வெளியிலிருந்து வருகிற சொல் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொண்டு வரலாம் என்று வழிவிட்டிருக்கிறது. நம் கிழவியார் செய்தது வேறென்ன? ‘ஷெ’யைத் தள்ளிவிட்டுச் ‘செ’யை வைத்தார், செல்டருக்கு, செல்டரிலே, செல்டரைவிட்டு என்று வேற்றுமை உருபைச் சேர்த்தார். தொல்காப்பியத்தை அவர் படித்ததில்லை. ஆனால் காலேஜ் தோழரைவிட அதன்படி நடந்தவர் அவரே.

தமிழ் பேசுகிற இன்னொரு நாட்டைப் பாருங்கள். இலங்கையில் யுத்தம் நடந்து 2009-ல் முடிகிற வரையில், வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நம்மவர்கள் வீட்டு முற்றத்திலேயே குழி வெட்டி, தென்னங்குற்றியும் மண்மூட்டையும் வைத்து மூடி, அதற்குள் பிள்ளைகுட்டிகளோடு பதுங்கி உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பதுங்குகுழி என்று அருமையான தமிழ்ப் பெயரும் வழங்கிற்று, பங்கர் என்ற பெயரும் வழங்கிற்று. பீரங்கிக் குண்டு விழுவதற்குச் செல்லடி என்றார்கள். முன்பாதி இங்கிலீஷ், பின்பாதி தமிழ். செல்லடி தொடங்கினால் எந்த வார்த்தை வாயில் முதலில் வருகிறதோ அதைத்தான் தாய் கத்துவாள். பிள்ளைக்கும் அதுதான் புரியும்.

ஒரு தீவில் ஒரு வார்த்தை

"அப்படியானால் நீர் இங்கிலீஷுக்கு வக்காலத்து வாங்க வந்தீரா?" என்று கேட்கலாம். இல்லை. வார்த்தை எந்த பாஷையாயிருந்தாலும் சரி, ஆபத்து வேளையில் அது எல்லோருக்கும் தெரிந்ததாயிருக்க வேண்டும் என்பதே நமது கட்சி. அதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் நடந்தது இந்தக் கடற்கரையிலுள்ள எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல். அன்று காலையில் சுனாமி என்ற வார்த்தை நம் கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? "கடல் ஊருக்குள்ளே வருது" என்றுதான் கத்தத் தெரிந்தது. அதற்கு ஒரு பேர் உண்டென்பதும், ஓர் அலையோடு அது நிற்காதென்பதும் தெரியாது.

அதே நாளில், பூமி அதிர்ந்த இடத்துக்கு மிகவும் அருகில், சுமத்ராவுக்கு மேற்கே, சிமெலூ என்று ஒரு தீவு. அங்கே சுமார் 78,000 ஜனங்கள். 1907-ம் வருஷத்தில் இதுபோலவே கடல் பொங்கி அங்கே பெருஞ்சேதம் உண்டானது. அதிலிருந்து அந்த ஊர்ப் பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஸ்மோங் என்பது அந்த வார்த்தை. பூமி பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் ஸ்மோங் வருகிறது, குன்றுக்கு ஓடு என்பது அதன் பொருள். தாலாட்டிலும் பாட்டிலும் அது இருந்தது. 2004-ல் பூமி அதிர்ந்ததும் "ஸ்மோங், ஸ்மோங்" என்று கத்திக்கொண்டு எல்லோரும் குன்றேறினார்கள். மாண்டவர்கள் ஏழு பேர்.

இதில் எந்தச் சாமியின் அற்புதமும் இல்லை. சொல்லைப் பொருளோடு சேர்த்து நூறு வருஷம் மறவாமல் வைத்திருந்ததே காரணம். அது அவர்கள் ஊர்ச் சொல்லாயிருந்தது என்பதைவிட, ஊரிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த சொல்லாயிருந்தது என்பதே முக்கியம். இன்று சுனாமி என்னும் ஜப்பான் வார்த்தை நம் கரையில் அப்படி ஆகிவிட்டது. ஆழிப்பேரலை என்று அழகான தமிழும் வழங்குகிறது. பத்திரிகையில் எழுதட்டும், பள்ளியில் சொல்லிக்கொடுக்கட்டும். ஆனால் கரையில் நின்று கத்துகிறவன் சுனாமி என்றுதான் கத்த வேண்டும். ஏனென்றால் அதற்குத்தான் ஊர் ஓடும்.

கேட்பதும் கொடுப்பதும்

இனி, இயற்கையினால் வரும் ஆபத்தை விட்டு மனிதனால் வரும் ஆபத்துக்கு வருவோம். அபயம், சரணம், ரட்சிக்க வேண்டும் என்றெல்லாம் பழைய வார்த்தைகள் இருக்கின்றன. இவற்றைச் சொல்லுகிறவன் எப்படி நிற்கிறான் என்று பாருங்கள். நிற்பதில்லை, விழுகிறான். காப்பாற்றுகிறவன் மேலே, காப்பாற்றப்படுகிறவன் காலடியில். அவன் மனமிரங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இப்போது நம் ஊர்ப் பெண் ஒருத்தி, "போலீசிலே கம்ப்ளைண்ட் கொடுத்தேன்" என்கிறாள். கேட்டேன் என்று சொல்லவில்லை, கொடுத்தேன் என்கிறாள். எதிரே இருப்பவன் வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவன் என்பது அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது. கம்ப்ளைண்ட் என்ற வார்த்தையைச் சொல்ல அவள் காலில் விழ வேண்டியதில்லை.

அதுபோலவே தாழ்த்தப்பட்ட தோழர்கள் பி.சி.ஆர். என்று மூன்று இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லுகிறார்கள். 1955-ம் வருஷத்தில் தீண்டாமைக் குற்றங்களுக்காக ஏற்பட்ட சட்டம், 1976-ல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறிற்று. அந்த இங்கிலீஷ்ப் பேரின் முதலெழுத்துக்களே இவை. 1989-ல் அதைவிடக் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. வழக்கு இந்தச் சட்டத்தின்படி நடந்தாலும் கிராமத்தில் இன்னும் பி.சி.ஆர். கேஸ் என்றே சொல்லுகிறார்கள். சட்டத்தின் முழுப் பேர் தெரியாத கூலித் தொழிலாளிக்கும் இந்த மூன்றெழுத்துத் தெரிந்திருக்கிறது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனுக்கும் இது தெரிந்திருக்கிறது; அவன் பயப்படுவதும் இதற்குத்தான். இந்த மூன்றெழுத்தை வடிகட்டித் தமிழாக்குகிறேன் என்று ஒருவர் புறப்பட்டால், அந்தத் தொழிலாளி கையிலுள்ள தடியைப் பிடுங்குகிறார் என்றுதான் நாம் சொல்லுவோம்.

ஹோம் என்ற வார்த்தையைப் பாருங்கள். நாம் சொல்லுவது ஹோமமல்ல. இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றில் நெய் போகும், மற்றொன்றில் கஞ்சி வரும். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டபோது, அந்த வாழ்வை விட்டு வெளியேறிய பெண்களுக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. ஆகையால் 1930-களின் தொடக்கத்தில் அவரே ஓர் இல்லம் ஏற்படுத்தி, அதற்கு அவ்வை பேரை வைத்தார். ஜனங்கள் அதை அவ்வை ஹோம் என்றார்கள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. ஹோம் அதற்கு முன்னமே கதவைத் திறந்துவிட்டது. பாட்டி பேர் தமிழ், வீட்டுப் பேர் இங்கிலீஷ். அந்தப் பெண்களுக்கு வேண்டியது கதவு, அது திறந்திருந்தது.

இங்கிலீஷ் வேஷம்

தோழர்களே! இங்கிலீஷ் வார்த்தை வந்துவிட்டால் நாகரிகம் வந்துவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மை பேசியவராவோம்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, புருஷன் அடியைப் பொறுக்கமாட்டாமல் ஓர் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்தவர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, காம்ப்ரமைஸ் ஆகிடு" என்று சொல்லி, இங்கிலீஷில் எழுதிய ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு ஒருவரைக் கொண்டு வாசித்துப் பார்த்தால், தமக்கு ஒரு குறையுமில்லை என்று அந்த அம்மாளே எழுதிக்கொடுத்ததாக அதில் இருந்தது. அட்ஜஸ்ட், காம்ப்ரமைஸ் இரண்டும் நம் ஜனங்களுக்கு நன்றாய்த் தெரிந்த வார்த்தைகள். தாராளமாக வழங்குகிற வார்த்தைகள். ஆனால் "அடியைப் பொறுத்துக்கொள்" என்று தமிழில் சொல்ல வாய் கூசுகிறவர், அட்ஜஸ்ட் என்று சொல்லக் கூசுவதில்லை. பழைய அடிமைத்தனத்துக்குப் புதிய கால்சட்டை மாட்டினால் இப்படித்தான் இருக்கும்.

2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அந்த அம்மாளுக்கு என்ன கொடுத்திருக்கிறது? அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, அடிக்கக்கூடாதென்று கோர்ட்டு உத்தரவு, வேண்டினால் தங்குமிடம், இவற்றுக்கெல்லாம் உதவி செய்யப் பாதுகாப்பு அதிகாரி. இந்த நான்கில் ஒன்றையாவது அந்த ஆபீசில் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகளை மறைத்துவிட்டு, சொல்லக்கூடாத இரண்டு வார்த்தைகளைச் சொன்னார்கள்.

கேம்ப் என்ற வார்த்தையும் அப்படியே. 2004-க்குப் பிறகு இந்தக் கரையிலே போட்ட கேம்ப்புகள் சிலவற்றில், ஒரே கடலால் வீடிழந்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்ததையும், தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் இடமும் மறுத்ததையும் பல அறிக்கைகள் எழுதிவைத்திருக்கின்றன. கடலுக்குத் தெரியாத சாதி கேம்ப்புக்குத் தெரிந்திருந்தது.

நம்மவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாய் ரப்பர் தோட்டத்துக்கும் கூலிகளாய்ப் போனபோது அவர்களுக்குக் கிடைத்த வீட்டுக்கு லயன் என்று பேர். வரிசை என்பதுதான் அந்த இங்கிலீஷின் பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, வரிசையாக. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. துரை இருந்தது பங்களா. இரண்டும் இங்கிலீஷ்காரன் வழங்கிய வார்த்தைகள்தான். ஒன்றில் தோட்டம் இருந்தது, மற்றொன்றில் ஜன்னல்கூட இல்லை.

எல்லாவற்றையும்விட நல்ல திருஷ்டாந்தம் காலனி. சென்னையில் ஆபீசர்ஸ் காலனி என்கிறார்கள், ரயில்வே காலனி என்கிறார்கள். அங்கே குடியிருப்பவர் விலாசத்தைப் பெருமையோடு எழுதுகிறார். கிராமத்தில் காலனி என்றால் சேரி என்று அர்த்தம். அந்த விலாசத்தைச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தயங்குகிறது. வார்த்தை ஒன்றே, எழுத்தும் ஒன்றே. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இந்த வார்த்தை இழிவுக்கு அடையாளமாகிவிட்டதனால் சர்க்கார் ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் வார்த்தையைக் கெடுத்தது யார்? இங்கிலீஷா? இல்லை. ஊருக்கு வெளியே தள்ளி வீடு கட்டிக்கொடுத்து, அதற்கு ஒரு புதுப் பேர் வைத்தால் சரியாய்ப் போய்விடும் என்று நினைத்த புத்திதான் கெடுத்தது. பேரை மாத்திரம் எடுத்துவிட்டு, வீடுகளை அந்தப் பக்கமே வைத்திருந்தால், நாளை வைக்கிற தங்கமான தமிழ்ப் பேருக்கும் இதே கதிதான் நேரும்.

மூன்று கேள்விகள்

ஆகவே ஒரு பாதுகாப்பு வார்த்தை நல்லதா கெட்டதா என்று பார்க்க, நமது சிற்றறிவுக்கு எட்டிய மூன்று கேள்விகளைச் சொல்லுகிறோம். ஆபத்திலிருப்பவருக்கு அந்த வார்த்தை தெரியுமா? அதை அவர் தம் வாயாலேயே சொல்லிக் கேட்க முடியுமா? சொன்னால் கதவு திறக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அது அரபியானாலென்ன, இங்கிலீஷானாலென்ன, அது நம்முடைய வார்த்தை. இல்லையென்றால், அது சங்க காலத்துத் தமிழாயிருந்தாலும் அடைத்த கதவுதான்.

இதனால் புதுத் தமிழ்ச் சொற்களே வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் கொள்ள வேண்டாம். தீயணைப்பு வண்டி என்று யாரோ சொல்லிவைத்தார்கள், கேட்ட மாத்திரத்தில் தீயை அணைக்கிறது என்று குழந்தைக்கும் தெரிகிறது, நிலைத்துவிட்டது. காவல் நிலையம் என்று பலகையில் எழுதினார்கள், போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது, காவல் நிலையமும் இருக்கிறது, ஒன்றையொன்று கடிக்கவில்லை. விளங்குகிற தமிழுக்கு நாம் விரோதியல்ல. விளங்காத தமிழை விளங்குகிற இங்கிலீஷின் இடத்தில், அதுவும் புயல் அடிக்கிற நாளில் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் விரோதி.

பேச்சோடு போகாமல் இந்த வாசகசாலைத் தோழர்கள் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, அந்தக் கட்டடத்துச் சுவரில் சர்க்கார் பேர் இருக்கட்டும். அதன் கீழே ஓரடி உயர எழுத்தில் செல்டர் என்று, அதிகாரிகளைக் கேட்டு அனுமதி பெற்று, எழுதிவிடுங்கள். அடுத்த புயலுக்கு ஒலிபெருக்கி வரும்போது உங்களில் ஒருவர் அந்த வண்டியில் ஏறிக்கொண்டு, ஊர் வாயில் வழங்குகிற பேரைச் சொல்லுங்கள். புயல், வெள்ளச் சமாசாரத்துக்கு ஜில்லா கண்ட்ரோல் ரூமின் டெலிபோன் நம்பர் 1077. அதையும் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, எந்த ஆபீசிலும் வாசித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1956-லேயே தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் வந்துவிட்டது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கம்ப்ளைண்ட் என்று தலைப்பிட்டுத் தமிழில் எழுதினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. போலீசில் எப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாய்க் கொடுக்க வேண்டுமென்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். அடிபடுகிற பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களுக்குப் பாஷையே இல்லை. எழுத்துத் தெரியாதவரும் மனப்பாடம் செய்யலாம்.

மூன்றாவது, கிழவியார் செல்டர் என்றால் சிரிக்காதீர்கள். அவர் தப்பாய்ப் பேசவில்லை. தமக்கு வேண்டியதைத் தமக்குத் தெரிந்தபடி கேட்கிறார். சிரிப்புக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் ஆபீஸ் வாசல்படி வரையில் போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

இன்று சாயங்காலம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வாசலில் பூட்டுத் தொங்கியது. "சாவி யாரிடம்?" என்று கேட்டோம். ஒருவர் பிரசிடெண்டு வீட்டில் என்றார். ஒருவர் தாலுகா ஆபீசில் என்றார். ஒருவருக்கும் நிச்சயமாய்த் தெரியவில்லை. தோழர்களே, வார்த்தையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். வார்த்தை சரியாயிருந்து பூட்டுத் திறக்காவிட்டால் என்ன பிரயோஜனம்? ஆகையால் நாளைக் காலையில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்தச் சாவி யாரிடமிருக்கிறது என்று விசாரிப்பதும், ராத்திரி எந்த நேரத்தில் தட்டினாலும் எழுந்து வந்து திறக்கக்கூடிய இருவர் வீட்டில், அதிலும் ஒருவர் தெருவின் இந்தக் கோடியிலும் ஒருவர் அந்தக் கோடியிலும் இருக்கும்படி, இரண்டு சாவிகளை வைக்க ஏற்பாடு செய்வதும்தான். அந்தக் கோடி என்று நாம் சொல்லுவது எந்தத் தெரு என்பது உங்களுக்கே தெரியும்.

நாம் சொன்னதில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.